ஒரு பையும் வாப்பாவின் ஏடும்

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் கீழக்கரைக்குப் புறப்பட்டபோது எங்கள் பையின் எடை பதினொன்றரைக் கிலோ. குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துப் பெருமிதம் கொண்டோம். இரண்டு கேமராக்கள், நான்கு லென்சுகள், ஒரு ஃபிளாஷ், ஒரு ட்ரைபாட், அதற்கெனத் தனியே ஓர் உறை. நான்கு லென்சுகளில் ஒன்று தொலைவிலுள்ள பறவைகளை எடுப்பதற்கானது. அது மட்டுமே ஒன்றரைக் கிலோ. கடற்கரைக்குப் போகிறோமே, ஏதேனும் ஒரு நாரை கண்ணில் படாதா என்ற ஆசை. நாங்கள் போனது நாரைக்காக அன்று. வாப்பா தம் பெட்டியிலிருந்த அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏட்டைப் படித்துக் காட்டுவதாகவும், அதை நாங்கள் படமெடுத்துக் கொள்வதாகவும் ஏற்பாடு.

நாங்கள் இருவர், அண்ணனும் தம்பியும். சென்னையில் வேலை. எங்களில் இளையவனுக்கு ஒளிப்படம் பொழுதுபோக்கு. மூத்தவனுக்கு அந்தப் பொழுதுபோக்கின் பையைத் தூக்குவது பொழுதுபோக்கு. ஊரில் உம்மாவும் ராத்தாவும் இருக்கிறார்கள். அப்போது வாப்பாவும் இருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை முற்பகல் வாப்பா குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் ஏட்டை மடியில் ஏந்தி அமர்ந்தார்கள். ட்ரைபாடை விரித்தோம். கேமராவை இயக்கினோம். திரையில் அட்டை இல்லை என்று எழுத்து வந்தது. மெமரி கார்டு சென்னையில், மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையிலேயே தங்கிவிட்டிருந்தது. இன்னொரு கேமராவிலிருந்ததும் அங்கேயே மேசை மேல் கிடந்தது. முந்தைய வாரம் ஒரு திருமண விருந்துப் படங்களை இறக்கிவிட்டு இரண்டையும் அப்படியே மறந்திருந்தோம். ஜும்ஆ நேரம் நெருங்கிவிட்டதால் கடைகள் சாத்தியிருந்தன. மாலையில் இராமநாதபுரத்திலிருந்து இரயில்.

கைபேசியில் எடுத்திருக்கலாம். எடுக்கவும் செய்தோம், இரண்டே படம். ஒன்றில் வாப்பாவின் முகம் அசைந்து கலங்கியிருக்கிறது. மற்றொன்று சன்னலை நோக்கி எடுத்ததால் இருண்டுபோனது. கைபேசியில் எடுப்பது அந்த ஏட்டுக்கு மரியாதை ஆகாது என்று எங்களுக்குள் ஓர் எண்ணம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அது மரியாதை அன்று, வீம்பு. வாப்பா ஏட்டை மூடித் துணியில் சுற்றியபடி, “அடுத்த தடவை பாத்துக்கலாம், இன்ஷா அல்லாஹ். ஏடு எங்கே ஓடிப்போவுது?” என்றார்கள். உம்மா மட்டும், “அத்தாப் பெரிய பையிலெ சோறாச்சும் கட்டிட்டு வந்திருக்கலாம்” என்றார்கள்.

துல்ஹஜ்ஜில் வாப்பா வஃபாத்தானார்கள்.

இவ்வாண்டு ஆகஸ்டில் ராத்தா தொலைபேசியில் அழைத்தார். வாப்பாவின் மரப்பெட்டியின் அடிப்பலகையில் கரையான் ஏறியிருந்தது. ஏட்டின் கடைசித் தாள்கள் இரண்டு பொடியாகிவிட்டன. “உதிர்ந்ததிலெ ஆயத்து எழுதியிருக்கு. கடல்லெ சேர்த்துடவா, புதைச்சுடவா?” என்று கேட்டார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த வீட்டின் சுவர் ஈரம் தை வரை காயாது. இன்னொரு மழைக்காலத்தை ஏடு தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. செப்டம்பர் இறுதிக்கு இரயிலில் இடம் பதிவு செய்தோம்.

இம்முறை பை கட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எதை எடுத்துச் செல்வது என்று எழுதாமல், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று எழுதினோம். ராத்தாவிடம் தையல் நாடாவால் அளக்கச் சொன்னோம். பக்கத்தின் நீளம் 20 சென்டிமீட்டர், அகலம் 15. எஞ்சிய தாள்கள் 112; அதாவது 224 பக்கங்கள். இந்த மூன்று எண்களும் கையில் வந்தபின், பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவையே முடிவு செய்தன.

அரபுத்தமிழ் அறியாத இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். தமிழை அரபி எழுத்தில் எழுதுவது அது. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ப போன்ற ஒலிகளுக்கு அரபி எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளிகளையும் குறிகளையும் இட்டு நம் முன்னோர் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். எங்கள் ஊரின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) ‘மகானி’ போன்ற நூல்களை இவ்வெழுத்திலேயே தந்தார்கள். அச்சில் வந்த நூல்கள் ஒருபுறமிருக்க, வீட்டுக்கு வீடு கையெழுத்து ஏடுகளும் இருந்தன. எங்கள் வீட்டு ஏடு பெருநூல் ஒன்றுமில்லை. துஆக்கள், பிள்ளைகள் பிறந்த நாள்கள், இலங்கைக்குப் போன தோணியின் சரக்குக் கணக்கு, பேறுகால மருந்து என்று பல கைகள் பல காலங்களில் எழுதிச் சேர்த்தது.

புள்ளிதான் உயிர் என்பதால், படத்தில் புள்ளி தெளிவாகத் தெரியாவிட்டால் எடுத்தும் பயனில்லை. எங்கள் கேமரா 24 மெகாபிக்சல். நீளவாக்கில் 6000 புள்ளிகள் பதியும். பக்கத்தைச் சட்டகத்தின் பெரும்பகுதி நிறையும்படி வைத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 600 புள்ளிகள் கிடைக்கும். இத்தகைய வேலைக்கு 300 இருந்தாலே போதும் என்பார்கள். எங்களுக்கு அந்த இரட்டிப்பு தேவையாக இருந்தது. எனவே ஒரே கேமரா, ஒரே லென்ஸ். 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சைத் தேர்ந்தோம். எங்கள் கேமராவின் சிறிய சென்சாரோடு சேர்ந்தால் ஏட்டுக்கு மேலே 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பக்கம் முழுதாக அடங்கும். 100 மில்லிமீட்டர் லென்சும் இருந்தது. அதற்கு ஒரு மீட்டருக்கு நெருக்கமான உயரம் வேண்டும், அவ்வளவு உயரத்தில் கேமராவைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் ட்ரைபாட் ஆடும். பறவை லென்சை இளையவன் ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தான். மூத்தவன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததே போதுமானதாக இருந்தது.

ட்ரைபாட் நடுத்தண்டைப் படுக்கைவாட்டில் நீட்டக்கூடிய வகை. கேமரா ஒரு பக்கம் நீண்டு தொங்கும்போது மறுபக்கம் எடை கட்டாவிட்டால் ஏட்டின் மேலேயே கவிழ்ந்துவிடும். எடைக்கு மணல் பை வாங்கலாமா என்று யோசித்தோம். ஊரில் அரிசி கிடைக்காதா என்ன? இரண்டு கிலோ அரிசியை உம்மாவிடம் கடன் வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. கேமராவின் அடியில் திருகும் சிறு தகட்டை மட்டும் மூன்று முறை சரிபார்த்தோம். கைவிரல் அளவுள்ள அந்தத் தகடு இல்லையென்றால் ட்ரைபாட் வெறும் மூன்று கம்பிகள்.

ஃபிளாஷ் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கூடத்தின் வடக்குச் சன்னல் வெளிச்சம் மென்மையானது. மறுபுறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் கரையும். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் குழல்விளக்கும் பகலொளியும் கலந்து தாளின் நிறம் பாதி பச்சையாகவும் பாதி நீலமாகவும் பதியும். நிறத்தைப் பின்னர்ச் சரிசெய்ய ஒரு சாம்பல் அட்டை, ஒரு வண்ண அட்டை, அளவு தெரிய ஒரு சிறு அளவுகோல். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காகப் பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய திட்டத்தில் படமெடுப்போரும் இப்படி வண்ண அட்டையையும் அளவுகோலையும் படத்துக்குள் வைத்துத்தான் எடுக்கிறார்கள். வீட்டு ஏட்டுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதைப் பார்ப்பவருக்கு அது எங்கள் வீட்டு ஏடு என்பதா முக்கியம்?

பழைய மெத்தையின் நுரையை ஆப்புப் போல் இரண்டு துண்டுகளாக வெட்டி வெள்ளைத் துணியில் தைத்தோம். ஏட்டை மேசையில் தட்டையாக விரித்தால் முதுகு ஒடியும்; இரு பக்கமும் ஆப்பு கொடுத்து, பாதி திறந்த கதவைப் போல் வைத்தால் தையலுக்கு வலிக்காது. தாளுக்கடியில் செருக, பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியாதிருக்க, கறுப்புத் தாள். தூசு தட்ட மெல்லிய தூரிகை. கையுறை வேண்டுமா என்று எங்களுக்குள் ஒரு சிறு விவாதம் நடந்தது. திரைப்படங்களில் வெள்ளைக் கையுறை அணிந்தே பழைய ஏடுகளைத் தொடுகிறார்கள். ஆனால் துணியுறைக்குள் விரலுக்குத் தொடுவுணர்ச்சி குறைகிறது, உதிரும் விளிம்பில் நூல் மாட்டிக் கிழிக்கிறது. கழுவி நன்கு உலர்த்திய வெறுங்கையே மேல் என்பதே இப்போது பாதுகாப்பாளர்கள் பலரின் கருத்து. உளூச் செய்துவிட்டு, கை நன்றாக உலரும் வரை காத்திருந்து ஏட்டைத் தொடும் வாப்பாவின் வழக்கம் எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையுறையைப் பட்டியலில் அடித்துவிட்டோம்.

மெமரி கார்டுகள் மூன்று. 224 பக்கங்களை இரண்டிரண்டு முறை எடுத்தாலும் 13 ஜிபிக்குள் அடங்கும். ஒரே கார்டு போதும். ஆயினும் ஒன்று கேமராவுக்குள், ஒன்று சட்டைப்பையில், ஒன்று மூத்தவனின் பணப்பையில். புறப்படும் முன் கேமராவை இயக்கி, ஒரு படம் எடுத்து, அதைத் திரையில் பார்த்த பிறகே பையை மூடினோம். எடுத்தது எதை என்று கேட்டால், வாசலில் கிடந்த செருப்பை. பேட்டரிகள் மூன்று, சார்ஜர் ஒன்று, பழைய வீட்டில் கூடத்துக்கு ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டு என்பதால் நீண்ட வயருள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மடிக்கணினி, வெளி ஹார்டு டிஸ்க். ஏட்டோடு கேமரா இணையாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு சிறு கண்ணாடியும் பட்டியலில் இருந்தது. இடைவெளிகளை அடைக்க முஸல்லாவைச் சுருட்டி வைக்கப் போனான் இளையவன். மூத்தவன் அதை வாங்கித் தனியே வைத்துவிட்டு, இரண்டு கைலிகளைக் கொடுத்தான். தராசில் ஐந்து கிலோ எண்ணூறு.

அன்றிரவு இரயிலில் மூத்தவனின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘கமரா’ என்னும் அரபிச் சொல்லிலிருந்துதான் கேமரா என்ற பெயர் வந்தது என்று. இது ஆண்டுக்கொருமுறை சுற்றி வரும் செய்தி. அச்சொல் இலத்தீனத்தில் அறையைக் குறிப்பது. ‘இருட்டறை’ என்ற தொடரிலிருந்து கருவிக்கு ஒட்டிக்கொண்டது. சிறு துளை வழியே புகும் ஒளி இருட்டறைக்குள் எப்படி உருவம் காட்டுகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சூரிய கிரகணத்தை வைத்து ஆராய்ந்து எழுதியவர் இப்னுல் ஹைஸம். அந்த உண்மையே போதிய பெருமை. சொல்லுக்கும் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை என்று பதில் அனுப்பினோம். அதற்குச் சிரிப்புக் குறி வந்தது.

குளிரூட்டிய பெட்டியிலிருந்து அதிகாலை இராமநாதபுரத்தில் இறங்கியபோது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. லென்சிலும் அப்படியே படியும். உள்ளே புகுந்தால் ஈரமும் அதைத் தொடர்ந்து பூஞ்சையும். எனவே பையைத் திறக்காமல் அப்படியே 17 கிலோமீட்டர் பயணித்து வீடு சேர்ந்து, ஃபஜ்ர் தொழுது, இடியாப்பம் உண்டு, அதன் பிறகே திறந்தோம்.

சிறு கண்ணாடி இல்லை. பட்டியலில் அதற்கு நேரே குறியிட்டிருந்தோம், பையில் இல்லை. ராத்தா உள்ளே போய், வாப்பா தாடி சீராக்கும் வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஏட்டின் இடத்தில் படுக்க வைத்து, லென்சின் வழியே பார்த்து, லென்சின் பிம்பம் சட்டகத்தின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். சிறிது நேரம் இருவருமே அதைச் செய்யாமல் நின்றோம். பிறகு செய்தோம்.

பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. தாளைத் திருப்ப, கறுப்புத் தாளைச் செருக, தூசு தட்ட, மூச்சை அடக்கி ரிமோட்டை அழுத்த. லுஹருக்கு முன் நாற்பது பக்கங்கள் முடிந்தன. மடிக்கணினியில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிச் சரிபார்த்தோம். கூர்மை, நிறம் எல்லாம் நாங்கள் கணக்கிட்டபடியே. எங்களுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. அரபி எழுத்துக்கூட்டி ஒலித்துப் பார்த்தால் நான்கில் ஒரு சொல் தமிழாகத் தட்டுப்படும், அவ்வளவே. படித்துக் காட்டக்கூடியவர் வாப்பா ஒருவர்தான் என்று நாங்கள் நினைத்திருந்ததால், வேறு யாரையும் நாடவில்லை.

தேநீர் கொண்டுவந்த உம்மா திரையின் முன் நின்றார்கள். தட்டை வைக்காமலேயே குனிந்து பார்த்தார்கள்.

“இது தப்பா இருக்கே வாப்பா. இந்தப் புள்ளி ஏது?”

எங்களுக்கு விளங்கவில்லை.

“இது எழுத்துப் புள்ளி இல்லை. பூச்சி அரிச்ச ஓட்டை. பொறத்தாலெ கறுப்பு வெச்சிருக்கீங்க, அதான் மை மாதிரித் தெரியுது. இதைப் புள்ளின்னு படிச்சா மருந்தே மாறிப்போவும்.”

நாங்கள் உம்மாவைப் பார்த்தோம். உம்மாவுக்கு இது படிக்கத் தெரியுமா என்று எங்களில் யார் கேட்டது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கேட்கும்போதே வெட்கமாக இருந்தது என்பதில் இல்லை.

“எங்க காலத்திலெ பொம்பளைப் புள்ளைங்களுக்கு வேறெ என்ன சொல்லிக் கொடுத்தாங்க? ஓதப் போன எடத்திலெ ஓதலும் இதுவும். தமிழ் எழுத்துத்தான் நான் பெறகு படிச்சது.” தட்டை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்கள். “உங்க வாப்பாவுக்கே சில எடத்திலெ நான்தான் எடுத்துக் கொடுப்பேன். நீங்க எங்கே கேட்டீங்க?”

நாற்பது பக்கங்களையும் மீண்டும் எடுத்தோம். கறுப்புக்குப் பதில், ராத்தாவின் மகள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட வைத்திருந்த வெளிர்ப் பழுப்புத் தாள். அதைச் செருகியதும் துளைகள் துளைகளாகவும் புள்ளிகள் புள்ளிகளாகவும் பிரிந்து நின்றன. பின்பக்க எழுத்து சற்றே ஊடுருவித் தெரிந்தது. ஆனால் அது மங்கலாக, இடவலம் மாறித் தெரிவதால் ஏமாற்றாது. இதை எந்த வழிகாட்டியிலும் நாங்கள் படித்ததில்லை.

உம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, நாங்கள் எடுக்க எடுக்கத் திரையில் படிக்கத் தொடங்கினார்கள். மெல்லிய குரல். சுக்கு, திப்பிலி, ஓமம் என்று எடையோடு வரும் பட்டியலை ஓதுவதுபோல் நீட்டி நீட்டிப் படித்தார்கள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, “இது எங்க உம்மா எழுத்து” என்றார்கள். அது அவர்கள் பிறந்த நாள் குறிக்கப்பட்ட பக்கம். பாஸ்போர்ட்டில் உள்ள தேதிக்கும் அதற்கும் இரண்டு ஆண்டுகள் வித்தியாசம். “ரெண்டு வயசு கொறைச்சுத்தான் ஹஜ்ஜுக்குப் போயிருக்கேன்” என்று சிரித்தார்கள்.

ஐந்து கிலோ எண்ணூறு எடையுள்ள பையில் ஒலிப்பதிவுக்கு ஒரு கருவியும் இல்லை. சிறு மைக் ஒன்று சென்னையில் இழுப்பறையில் கிடந்தது. பட்டியல் எழுதும்போது இளையவன் அதைச் சொல்லி, இனி யார் குரலைப் பதியப் போகிறோம் என்று மூத்தவன் கேட்டு, இருவரும் பேசாமல் விட்டிருந்தோம். இம்முறை கைபேசியை எடுத்து அரிசிப் பையின் மேல் சாய்த்துவைத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். பின்னணியில் தெருவில் மீன்காரரின் குரலும், ராத்தாவின் மகள் எதையோ கேட்டு அதட்டு வாங்குவதும் பதிவாகியிருக்கின்றன.

உம்மாவுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. முகத்தை எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், எடுக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள், 171-ஆம் பக்கத்தின் மூலை சுருண்டு மடங்கியபோது, நாங்கள் தூரிகையைத் தேடுவதற்குள் உம்மா தம் சுட்டுவிரலால் அதை மெல்ல நிமிர்த்திப் பிடித்தார்கள். ரிமோட் அழுந்திவிட்டது. விரலும் படத்தில் விழுந்திருக்கிறது, மருதாணி வெளுத்த நகத்தோடு. முறைப்படி அதை நீக்கிவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும். மீண்டும் எடுத்தோம். நீக்கவில்லை, அதைக் கேட்டதற்கு உம்மாவும், “வெரல்தானே, இருக்கட்டும்” என்றார்கள்.

அஸருக்கு வெளிச்சம் குறைந்தது. 224 பக்கங்களும் முடிந்தன; படித்துப் பதிந்தது 63 பக்கம். ஏட்டைத் துணியில் சுற்றி, இம்முறை மரப்பெட்டியில் அல்லாமல் ராத்தாவின் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். படங்கள் ஹார்டு டிஸ்கிலும் மடிக்கணினியிலும் கார்டிலுமாக மூன்று இடங்களில். அரிசியை உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தோம். அளந்து பார்த்துவிட்டு வாங்கி வைத்தார்கள்.

ரபீஉல் ஆகிர் பிறந்ததும் மீண்டும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். மைக் இப்போதே பையில் இருக்கிறது.